பாதிப் படகுக்கு ஒரு கையெழுத்து

அரியலூர்
1-4-1978

கிருஷ்ணம்மா,

உன் கடிதம் நேற்று வந்தது. உறையைப் பிரித்ததும் ஒரு மீன் செதில் என் மடியில் விழுந்தது. மருதாயியைக் கூப்பிட்டு அதை எடுத்துப் போகச் சொல்லிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் படித்தேன். கயிற்றுக் கடை வைத்திருப்பவள் வீட்டிலிருந்து தேங்காய் நார் வந்தால் பொறுத்துக்கொள்வேன். மீன் செதில் எப்படி வருகிறது?

நீ கேட்பது புரிகிறது. உன் அண்ணன் போகும்போது அந்தச் சின்னப் பாய்ப்படகை உனக்குப் பாதி, எனக்குப் பாதி என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். ஆறு வருடமாக அது உன் கடைக்குப் பின்னால் கவிழ்ந்து கிடக்கிறது. இந்தக் கோடையில் துறைமுகத்தில் நடக்கும் எட்டு ஞாயிற்றுக்கிழமைப் பந்தயங்களிலும் அதை இறக்க வேண்டும் என்கிறாய். அடுத்த வருடம் முதல் ஃபைபர் படகுகளுக்கு மட்டும்தான் இடம், மரப் படகுக்கு இதுதான் கடைசி என்கிறாய். அதிகப் பந்தயம் ஜெயித்த படகு யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர் பெயரைப் படகு மன்றத்துப் பலகையில் எழுதுவார்கள். படகு இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. "அண்ணன் பேரு ஒரு தரமாவது அந்தப் பலகையில ஏறணும் அண்ணி" என்று அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறாய். அடிக்கோடு தேவையில்லை. எனக்குப் படிக்கத் தெரியும்.

ஒவ்வொரு பந்தயத்துக்கும் முதல் நாளுக்குள் வாரிசுகள் இருவரும் கையெழுத்திட்ட சீட்டு போய்ச் சேர வேண்டும் என்பது நல்ல விதிதான். ஆனால் எட்டுச் சீட்டிலும் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்கிறாயே, அது அசிங்கம். தேதி எழுதாத தாளில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. வாரம் ஒரு சீட்டு அனுப்பு, கடிதம் இல்லாத வாரம் சீட்டு மட்டும் போதும். தகுதி இருந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்.

ஒன்பதாம் தேதிக்கான சீட்டு இத்துடன். சுக்கான் பிடிக்கப்போவது கொளஞ்சி என்று எழுதியிருக்கிறாய். சரி, அவன் துறைமுகத்திலேயே பிறந்து வளர்ந்தவன். படகில் இரண்டு பேர் வேண்டுமே. இரண்டாவது ஆள் யார் என்று எழுதவில்லை. நீ எழுதாமல் விடுவதெல்லாம் எழுத வெட்கப்படுவதாகத்தான் இருக்கும்.

சிந்தாமணி


கடலூர் ஓ.டி.
10-4-1978

அண்ணி அவர்களுக்கு,

கிருஷ்ணம்மா கும்பிட்டு எழுதறது. இந்தத் தரம் உறையை வெயில்ல காயவச்சித்தான் அனுப்பறேன். எங்க கடைக்கு வலது பக்கம் கருவாட்டுக் கிட்டங்கி, இடது பக்கமும் கருவாட்டுக் கிட்டங்கி. செதில் காத்துல பறக்குது. நான் என்ன பண்ண?

முதல் பந்தயத்துல நம்ம 'செங்கமலம்' ரெண்டாவதா வந்துச்சு. ஆறு வருஷம் கவுந்து கிடந்த படகுன்னு யாராலயும் சொல்ல முடியல. கொளஞ்சி ஒரு மாசமா இண்டு இடுக்கெல்லாம் பஞ்சு அடைச்சி, எண்ணெய் பூசி வச்சிருந்தான். முதல்ல வந்தது இளையபெருமாள். அவருதான் இப்ப மன்றத்துக்குச் செயலாளர். தலையில எண்ணெய் மட்டும் குறையல.

ரெண்டாவது ஆள் நான்தான் அண்ணி. ஒளிச்சி வைக்கல, நீங்க கேட்கட்டும்னு இருந்தேன். பாய்க் கயித்தை இழுத்துப் பிடிக்கணும், காத்து மாறுறப்ப குனிஞ்சு இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் தாவணும். அவ்வளவுதான். கயிறு விக்கிறவளுக்குக் கயிறு பிடிக்கத் தெரியாதா? அறுபது வயசுல தாவுறதுதான் கொஞ்சம் கஷ்டம். கரையில நின்ன பசங்க "ஆயா, விழுந்துராத ஆயா"ன்னு கத்தினானுங்க. நான் விழல.

மன்றத்துக்குள்ள போயி அந்தப் பலகையைப் பாத்தேன். 1969-க்கு நேரா இளையபெருமாள்னு இருக்கு. அதுக்கு மேல நான் எழுத மாட்டேன். நீங்க சீட்டுல கையெழுத்துப் போடணும்.

கிருஷ்ணம்மாள்


அரியலூர்
13-4-1978

கிருஷ்ணம்மா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை படித்தது, முதல் முறை தவறாகப் படித்திருப்பேனோ என்ற நம்பிக்கையில். அறுபது வயது, புருஷனை இழந்தவள், இடுப்பளவு நனைந்த புடவையோடு ஊர் ஆண்கள் முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவுகிறாய். அந்தத் துறைமுகத்துத் தண்ணீர் எனக்குத் தெரியும். மேலே எண்ணெய்ப் படலம், அடியில் மீன் குடல். நனைந்தால் மூன்று நாள் நாற்றம் போகாது. படகுக்கு உன் அம்மா பெயர் வைத்திருக்கிறது. என் மாமியார் உயிரோடு இருந்திருந்தால் பெயரை அழித்துவிடச் சொல்லியிருப்பார்.

1969 பற்றி மேலே எழுத மாட்டேன் என்று எழுதுவதும் எழுதுவதுதான். ஆகவே நானே எழுதிவிடுகிறேன். அந்த வருடக் கடைசிப் பந்தயத்தில், திரும்பும் இடத்தில் மிதக்கும் போயாவுக்குப் பக்கத்தில் நங்கூரமிட்ட படகில் நான் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தேன். யார் எப்போது திரும்பினார்கள் என்று நேரம் எழுதுவது என் வேலை. போயாவை உரசிய படகு பந்தயத்திலிருந்து விலக வேண்டும் என்பது விதி. என் கணவரின் படகு உரசியது என்று இளையபெருமாள் புகார் செய்தார். கமிட்டி என்னைக் கேட்டது. நான் உரசியது என்றேன். அவர் முதலாவதாக வந்தும் விலக்கப்பட்டார், அந்த வருடப் பலகை இளையபெருமாளுக்குப் போனது. வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் புருஷனுக்காகப் பொய் சொல்லியிருப்பாள் என்று கமிட்டித் தலைவர் எழுந்து நின்று சொன்னார். அதற்காக எனக்கு மன்றம் ஒரு பேனா கொடுத்தது. இதை அந்தப் பேனாவால்தான் எழுதுகிறேன்.

ஒன்பது வருடமாக நீ மனதில் வைத்துக் குமைகிறாய். குமைந்துகொள். உண்மை மாறாது.

சீட்டு இத்துடன். உனக்காகப் போடவில்லை. அவர் அந்தப் படகை நேசித்தார்.

சிந்தாமணி


கடலூர் ஓ.டி.
24-4-1978

அண்ணி அவர்களுக்கு,

16-ம் தேதியும் ஜெயிச்சாச்சு, நேத்தும் ஜெயிச்சாச்சு. நேத்து தெக்கேருந்து சோழகக் காத்து நல்லா அடிச்சுச்சு. நானும் கொளஞ்சியும் படகோட ஓரப் பலகைமேல உக்காந்து வெளிய சாஞ்சி, முதுகு தண்ணியில படற அளவுக்குப் போனோம். நீங்க கேட்டா மயக்கம் போட்டுடுவீங்க. புடவையை நான் கொசுவம் வச்சி இறுக்கிக் கட்டிக்கிட்டுத்தான் ஏர்றேன். மேல கொளஞ்சியோட காக்கிச் சட்டை. கவுரவமாத்தான் இருக்கு.

இளையபெருமாளுக்கு முகம் சுண்டிப்போச்சு. எல்லாரும் இருக்கறப்ப, "உங்க அண்ணியை அரியலூர்லேருந்து வரச்சொல்லுங்களேன், போயா பக்கத்துல உக்காரட்டும், அவங்க உக்காந்தா எனக்குத்தான் ராசி"ன்னு சொல்லிச் சிரிச்சாரு. எல்லாரும் சிரிச்சாங்க. கொளஞ்சி மட்டும் சிரிக்கல. கயித்தை வளைச்சி வளைச்சிச் சுத்திக்கிட்டே இருந்தான். என்னடான்னேன். ஒண்ணுமில்ல ஆயான்னுட்டான்.

அடுத்த சீட்டு.

கிருஷ்ணம்மாள்


அரியலூர்
27-4-1978

கிருஷ்ணம்மா,

காக்கிச் சட்டை. அடுத்து பீடியா?

இங்கே வெயிலைப் பற்றி எழுதினால் உனக்குப் பொறாமையாக இருக்காது என்பதால் எழுதுகிறேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் பகல் முழுவதும் போகின்றன. காலையில் விரித்த வெள்ளைப் படுக்கை விரிப்பில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். திருமழபாடிக்குப் போய்க் கோயிலில் கும்பிட்டு வரலாம் என்று பஸ் ஏறினேன். பின் சீட்டில் ஒருவர் வெற்றிலைச் சாற்றை ஜன்னல் வழியாகத் துப்பினார். காற்று அதை என் தோளில் கொண்டுவந்து போட்டது. "காத்து அம்மா, நான் என்ன செய்ய" என்றார். உன் பதிலும் இப்படித்தான் இருக்கும். கொள்ளிடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மணலில் ஆட்டுப் புழுக்கை. ஆற்றைப் பார்த்துக் கும்பிட மனம் வராமல் திரும்பிவிட்டேன்.

இளையபெருமாள் சொன்னதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ராசி அல்ல, நேர்மை என்று நான் சொன்னதாக அவரிடம் சொல்.

சீட்டு இத்துடன்.

சிந்தாமணி


கடலூர் ஓ.டி.
8-5-1978

அண்ணி,

முப்பதாம் தேதி இளையபெருமாள் ஜெயிச்சாரு. நேத்து நாம ஜெயிச்சோம். நமக்கு மூணு, அவருக்கு ரெண்டு. இன்னும் மூணு பந்தயம் இருக்கு. சந்தோஷமா எழுத வேண்டிய கடுதாசி. முடியல.

நேத்து படகைக் கரையில இழுத்துப் போட்டதும் கொளஞ்சி என்கிட்ட வந்து உக்காந்தான். அவன் நேத்து ஒரு சொட்டும் குடிக்கல, அதை முதல்லயே சொல்லிடறேன். இளையபெருமாள் சொன்ன கேலி பதினஞ்சு நாளா நெஞ்சுல உறுத்துதுன்னான். 69-ல நீங்க கடிகாரத்தோட உக்காந்திருந்த படகுக்குத் துடுப்புப் போட்டவன் அவன்தான், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவன் சொன்னதை அப்படியே எழுதறேன்.

"அம்மா அன்னிக்கி போயாவைப் பாக்கவே இல்லீங்க. பக்கத்துல கருவாட்டுத் தோணி போச்சு, அலையும் தூக்கிப் போட்டுச்சு, அம்மாவுக்குக் குடலைப் புரட்டிடிச்சு. அந்தப் பக்கமாக் குனிஞ்சு வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தாங்க. நான்தான் குடையைப் புடிச்சிருந்தேன். ஐயா படகு போயாவுக்கு ரெண்டு முழம் தள்ளித்தான் திரும்புச்சு. என் கண்ணால பாத்தேன். துடுப்புப் போடறவனை யாரு கேட்டா?"

நான் ஒண்ணும் சேர்க்கல, ஒண்ணும் குறைக்கல. நீங்க என்ன சொல்றீங்க?

கிருஷ்ணம்மாள்


அரியலூர்
11-5-1978

கிருஷ்ணம்மா,

கொளஞ்சி குடிப்பவன். ஒரு நாள் குடிக்காததால் அவன் குடிக்காதவன் ஆகிவிட மாட்டான்.

நான் பிறர் முன்னால் வாந்தி எடுத்ததில்லை. ஏழு வயதில் திருச்சி கான்வென்ட்டில் சேர்ந்தேன். அங்கே காய்ச்சல் வந்தாலும் கையைத் தூக்கி அனுமதி கேட்டுவிட்டுத்தான் வெளியே போவோம். இப்படிப்பட்ட சொல்லைக் கடிதத்தில் எழுதி, தபால்காரர் கையில் கொடுத்து, ஒரு பெண்மணியின் வீட்டுக்கு அனுப்ப உன்னால்தான் முடியும்.

ஒரு படகோட்டியும் ஒரு கயிற்றுக் கடைக்காரியும் சேர்ந்து என் வாக்குமூலத்தைத் திருத்த வேண்டாம். இந்த வாரம் சீட்டில் கையெழுத்து இல்லை. இனியும் இல்லை. சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு கடலூருக்குப் போகும் லாரிக்காரர் ஒருவரிடம் பேசியிருக்கிறேன். அவர் திரும்பி வரும்போது என் பாதியை இங்கே கொண்டுவந்துவிடுவார். என் கொட்டகையில் கிடக்கட்டும்.

சிந்தாமணி


கடலூர் ஓ.டி.
15-5-1978

அண்ணி,

எந்தப் பாதி வேணும்? முன்பாதியா, பின்பாதியா? சொன்னா கொளஞ்சியை விட்டு ரம்பம் போட்டு வைக்கறேன்.

நேத்து நாங்க கரையில உக்காந்து பாத்தோம். இளையபெருமாள் ஜெயிச்சாரு. மூணுக்கு மூணு ஆயிடிச்சு. நான் கொளஞ்சியோட சட்டையைத் துவைச்சிக் குடுத்துட்டேன்.

உங்களுக்குத் தெரியாத ஒண்ணை மட்டும் எழுதிட்டு நிறுத்திக்கறேன். கொளஞ்சி அதை அன்னிக்கே, 69-லயே, அண்ணன்கிட்ட சொல்லிட்டான். கமிட்டிக்குப் போலாம் வாங்கன்னு கூப்பிட்டிருக்கான். அண்ணன் பாயைச் சுருட்டிக்கிட்டே சொன்னாராம், "விடுறா கொளஞ்சி. பாக்கலன்னு சொல்ல அவளுக்கு வராது. நான் உரசலன்னு போயி நின்னா, அவ பொய் சொன்னவளா ஆயிடுவா. பலகை போனாப் போகுது." அதுக்கப்புறம் அவரு படகுல ஏறவே இல்ல. முட்டிவலின்னு சொன்னாரு. அவருக்கு முட்டிவலியே கிடையாது.

நீங்க மூணு வருஷம் அவரு முட்டிக்குத் தைலம் தேய்ச்சீங்க.

கிருஷ்ணம்மாள்


அரியலூர்
23-5-1978

கிருஷ்ணம்மா,

கையெழுத்து மோசமாக இருந்தால் பொறுத்துக்கொள். தபால் ஆபீஸில் நூலில் கட்டிப் போட்டிருக்கும் பேனாவால் எழுதுகிறேன். யார் யாரோ கடித்த முனை. பிடிக்கவே கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடந்தது. மருதாயி வற்புறுத்தி அழைத்துப் போனாள். முந்நூறு பேர், ஒரே குடிநீர்ப் பானை, ஒரே தம்ளர். பீளை வழியும் கண்களோடு எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். என் முறை வந்தபோது ஒரு சின்ன வயது டாக்டர் பலகையில் எழுத்துகளைக் காட்டிப் படிக்கச் சொன்னார். வரிசையாகப் படித்தேன். இன்னும் கீழே காட்டினார். ப, ம, ட, ழ என்று படித்தேன். அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். "அங்க ஒண்ணுமே எழுதலம்மா. வெறும் பலகை. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க, யாரும் அடிக்க மாட்டாங்க" என்றார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். மருதாயியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது அந்த நான்கு எழுத்துகளை நினைத்துக்கொண்டே வந்தேன். இல்லாத எழுத்துகளை எவ்வளவு தெளிவாகப் படித்தேன்.

கமிட்டி மேஜையைச் சுற்றி அன்றைக்கு எட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் முந்தானை நாறிக்கொண்டிருந்தது. மடித்து இடுப்பில் செருகியிருந்தேன். பார்த்தீர்களா என்று கேட்டார்கள். பார்க்கவில்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள். உரசவில்லை என்றால் புருஷனுக்காகப் பேசுகிறாள் என்பார்கள். உரசியது என்றேன். அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் வரவில்லை. கை தட்டினார்கள். கை தட்டியதும் நான் பார்த்தது போலவே எனக்குத் தோன்றத் தொடங்கியது. இத்தனை வருடமும் அப்படியே தோன்றிக்கொண்டிருந்தது. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

தைலம் பற்றி நீ எழுதியிருக்க வேண்டியதில்லை. அதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை.

28-ம் தேதிச் சீட்டு இத்துடன். இன்னொரு தாள் கமிட்டிக்கு. எல்லோர் முன்னாலும் படிக்கச் சொல்: "1969 கடைசிப் பந்தயத்தில் சாமிதுரையின் படகு போயாவை உரசியதை நான் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் நான் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். பார்த்ததாகச் சொன்னது பொய். நடந்ததைப் பார்த்தவர் படகோட்டி கொளஞ்சி. அவரைக் கேளுங்கள்."

சிந்தாமணி


கடலூர் ஓ.டி.
29-5-1978

அண்ணி அவர்களுக்கு,

21-ம் தேதி காத்தே இல்லாம பந்தயம் நின்னுபோச்சு. அதனால எல்லாம் நேத்தைக்கு மேல விழுந்துச்சு. யாரு ஜெயிச்சாலும் பலகை அவங்களுக்கு.

கடைசித் திருப்பத்துல நாமதான் முன்னால. போயாவைச் சுத்தறப்ப காத்து ஒரு தட்டுத் தட்டுச்சு. படகோட வால் பக்கம் போயாவுல பட்டுச்சு. சத்தம்கூட இல்ல, என் கால்ல மட்டும் தெரிஞ்சுச்சு. போயா பக்கத்துக் காவல் படகுல இருந்தவரு காத்துக்கு முதுகைக் காட்டி பீடி பத்தவச்சிக்கிட்டு இருந்தாரு. கொளஞ்சி என்னைப் பாத்தான். "ஆயா, ஒருத்தரும் பாக்கல"ன்னான். "நாம பாத்தோம்ல"ன்னு சொல்லிட்டுக் கயித்தை விட்டுட்டேன். பாய் படபடன்னு அடிச்சுக்கிட்டு நின்னுபோச்சு. இளையபெருமாள் எங்களைத் தாண்டிப் போனாரு, என்ன ஆச்சுன்னு அவருக்கே புரியல. கொளஞ்சி கரை வர்ற வரைக்கும் என்னைத் திட்டினான். அதை எழுத முடியாது. இந்த வருஷப் பலகை போச்சு. ஆனா அண்ணி, அவரு பேரு திருட்டுல ஏறக் கூடாது, அதுக்கு நான் குறுக்க நின்னேன். என் மாதிரி இந்தத் துறைமுகத்துல யாரு விலகுவா? எங்க குடும்பத்துல நேர்மைன்னா அது ரத்தத்துலயே இருக்குன்னு எல்லாருக்கும் நேத்து தெரிஞ்சுபோச்சு. மன்றத்துத் தலைவரே வந்து கையைப் பிடிச்சிக்கிட்டாரு.

சாயங்காலம் உங்க தாளைப் படிச்சாங்க. இளையபெருமாள்தான் படிச்சாரு, செயலாளர் ஆச்சே. பாதியில நிறுத்தி, தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு மிச்சத்தைப் படிச்சாரு. கொளஞ்சியைக் கூப்பிட்டு உக்கார வச்சிக் கேட்டாங்க. அவனை மன்றத்து நாற்காலியில உக்கார வச்சது இதுதான் முதல் தடவை, நுனியில உக்காந்துக்கிட்டுச் சொன்னான். கமிட்டி ஒத்துக்கிச்சு. 69-ல இளையபெருமாள் பேரை அழிச்சிட்டு சாமிதுரைன்னு எழுதப் போறாங்க. பெயிண்டரு அடுத்த வாரம் வியாழக்கிழமை வர்றாரு.

ஒரே ஒரு விஷயம். மினிட்ஸ் புத்தகத்துல உங்க தாளை ஒட்டணுமாம். இளையபெருமாள் ரொம்ப மரியாதையாச் சொன்னாரு. அந்த ஒரு வார்த்தை மட்டும் படிக்கறவங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கும், 'உடல்நலக் குறைவு'ன்னு மாத்திக்கலாமா, அம்மாவோட கவுரவத்துக்குத்தான் சொல்றேன்னாரு. நான் அண்ணியைக் கேட்டுச் சொல்றேன்னுட்டு வந்துட்டேன். என்ன சொல்லட்டும்?

கிருஷ்ணம்மாள்


அரியலூர்
1-6-1978

கிருஷ்ணம்மா,

மறுபடியும் ஒரு செதில். இந்த முறை நானே எடுத்துப் போட்டேன்.

நீ விலகியது சரி. அதைப் பற்றி அரைப் பக்கம் பெருமை அடித்திருப்பது சகிக்கவில்லை. தலைவர் கையைப் பிடித்தார் என்கிறாய். எனக்காகவும் ஒருவர் எழுந்து நின்றார், கை தட்டினார்கள். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தாய் அல்லவா. அடுத்த கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இருக்கக் கூடாது.

படகை விற்காதே. பந்தயத்துக்கு ஆகாவிட்டாலும் கவிழ்த்துப் போடாதே. என் பாதிக்கும் எண்ணெய் பூசச் சொல். லாரிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தனியாக ஒரு பொட்டலம் ரிஜிஸ்டர் தபாலில் வரும். உள்ளே அந்தப் பேனா இருக்கிறது. மன்றத்தில் கொடுத்துவிடு. முனையைச் சுடுதண்ணீரில் கழுவியிருக்கிறேன்.

இளையபெருமாளிடம் சொல்: எனக்கு உடல்நலக் குறைவு எதுவும் இருக்கவில்லை. நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தேன். காலையில் இரண்டு இட்லியும் காபியும் சாப்பிட்டேன். அவை இரண்டும் வெளியே வந்தன. அதற்குத் தமிழில் ஒரு சொல்தான் இருக்கிறது. அதை நான் என் கையால் எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லை மாற்றினால் என் கையெழுத்தையும் அடித்துவிட வேண்டும். என் கணவர் பெயரை எழுத வரும் பெயிண்டர் வேலையை முடிக்கும்வரை, தாள் புத்தகத்தில் ஒட்டியிருக்கிறதா என்று நீ பக்கத்திலேயே நின்று பார்.

பார்த்துவிட்டு எழுது. பார்க்கவில்லை என்றால், பார்க்கவில்லை என்று எழுது.

சிந்தாமணி